வீக் ஆஃப் அன்று காலை ஐந்து மணிக்கு போன் வந்தால் எடுப்பீர்களா?

ஒரகடம்_சி_ஷிப்ட்

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறேன். டிப்ளமோ, பிரஸ் ஷாப் (தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் பிரிவு). காண்ட்ராக்டில் எடுத்தார்கள், இன்னும் காண்ட்ராக்ட்தான். ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் 10 முதல் காலை 6, வாரத்துக்கு வாரம் மாறும். வீக் ஆஃப் ஆளுக்கொரு நாள். எனக்கு இப்போது வியாழன்.

கடந்த ஏழு வாரத்தில் ஐந்து வியாழன் போய்விட்டது. காலை ஐந்து மணி சுமாருக்கு போன் வரும், "தம்பி ஒரு ஆள் குறையுது, இன்னிக்கு மட்டும் வந்து நின்னுட்டுப் போயிடு" என்பார்கள். இன்னிக்கு மட்டும், இன்னிக்கு மட்டும் என்றே ஐந்து வாரம். காம்ப் ஆஃப் (பதிலுக்கு வேறொரு நாள் லீவு) தருகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன வியாழன் அம்மாவைக் காஞ்சிபுரத்தில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது, புரை முற்றிவிட்டது, ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டது. அதனால் முதல் முறையாக "வர முடியாதுண்ணா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை, "சரி" என்று வைத்துவிட்டார். மறுநாள் போனால் என்னை மெஷினில் போடாமல் பிசிறு எடுக்கிற பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அந்த மூலையில் ஃபேன் கிடையாது. அதைக்கூட விடுங்கள். எனக்குப் பதிலாக சி ஷிப்ட் முடித்த ஒரு அண்ணனை அப்படியே ஏ ஷிப்டும் பார்க்க வைத்திருக்கிறார்கள், 16 மணி நேரம் தொடர்ச்சியாக. அவர் என்னோடு பேசவே இல்லை. கேன்டீனில் நான் போய் எதிரே உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான் செய்தது தப்பா? அதுதான் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பனியன்_ஊர்க்காரன்

தம்பி கோபித்துக்கொள்ளாதே. இங்கே திருப்பூரில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இல்லை என்றால்தான் சண்டை வரும். எட்டரைக்குப் போய் ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட், அந்த சம்பளத்தில் வாடகை கொடுத்து, பிள்ளைக்கு வேன் ஃபீஸ் கட்டி, மளிகை வாங்க முடியாது. ராத்திரி எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் நடுராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும், அது இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் யாரும் மணிக்கணக்கு பார்க்க மாட்டோம், இந்த வாரம் ஒன்பது ஷிப்டா எட்டரை ஷிப்டா என்றுதான் பேச்சு. நான் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவன், என் வீட்டுக்காரி தைத்த துணிக்குச் செக்கிங். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் போனால்தான் குடும்பம் ஓடும், இல்லை என்றால் சீட்டுப் பணம் கட்ட முடியாது.

ஆர்டர் இல்லாத மாதத்தில் ஐந்தரைக்கே லைட்டை அணைப்பார்கள் பார், அப்போது தெரியும் லீவின் அருமை.

வார்டு_ஏழு

நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், பதினோரு வருடம். தம்பி கேட்டதில் எனக்கு உறுத்தியது அந்த அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போனதுதான். எங்கள் வார்டிலும் அப்படியேதான் நடக்கும். ஆள் வைக்க வேண்டியது நிர்வாகம், ஆனால் முகம் திருப்பிக்கொள்வது நாங்கள் ஒருவருக்கொருவர். "நீ வரலைன்னா இப்ப நைட் முடிச்ச பிள்ளைதான் திரும்பவும் நிக்கணும், பாவம், அதுக்குக் கைக்குழந்தை இருக்கு" என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? நான் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டம் என்று இதுவரை யாரும் சொன்னதே இல்லை, எப்போதும் இன்னொரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள்.

எங்களிடம் இன்னொரு வித்தை உண்டு. நைட் டூட்டி முடித்து ஹேண்டோவர் கொடுத்து காலை எட்டரைக்குக் கிளம்புவேன் இல்லையா, அந்த நாளை ஆஃப் என்று ரோஸ்டரில் எழுதிவிடுவார்கள்! எட்டரைக்கு வெளியே வந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், குளித்து, சமைத்து, பதினொன்றுக்குப் படுத்தால் சாயங்காலம் ஐந்துக்கு எழுந்திருப்பேன். அது ஆஃபாம். மறுநாள் காலை ஏழரைக்கு டூட்டி.

போன வருடம் நடந்ததை இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன். இரண்டாவது ஷிப்டின் கடைசியில், பதினைந்தாவது மணி நேரம் இருக்கும், ஒரு சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தேன். சார்ட்டில் 4 யூனிட். என் கண்ணுக்கு அது 40 என்று தெரிந்தது. சிரிஞ்சில் மருந்து ஏறிக்கொண்டே போகிறது, கை பாட்டுக்கு இழுக்கிறது, பக்கத்துப் படுக்கைக்கார அம்மா "சிஸ்டர் எங்களுக்கெல்லாம் கொஞ்சமாத்தானே போடுவீங்க" என்றார். அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னது. நான் சிரிஞ்சை அப்படியே ட்ரேயில் வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அந்த நாற்பது போயிருந்தால் அந்த ஆளின் நிலைமை என்ன, என் நிலைமை என்ன. விசாரணை என்று வந்திருந்தால் "பதினைந்து மணி நேரம் யார் நிற்கச் சொன்னது" என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள். நிற்கச் சொன்னது வாய்வார்த்தையாகத்தானே.

ஏணிப்படி

வேலை இல்லாமல் எத்தனை பேர் அலைகிறார்கள், வேலை இருக்கும்போது இவ்வளவு புலம்பலா? இளமையில் உழைக்காமல் எப்போது உழைப்பது? இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியே வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொல்லவில்லையா?

பனியன்_ஊர்க்காரன்

ஏணிப்படி சார், நான் ஓ.டி.க்கு ஆதரவாகத்தான் பேசினேன், ஆனால் உங்களோடு சேர்த்துவிடாதீர்கள். அவர் 2023-ல் அதைச் சொன்னார், தெரியும். 70 மணி நேரம் எல்லாம் எங்கள் ஊரில் கைமடி வேலைக்கு, அதாவது தைக்கிறவருக்கு உதவியாளாக, வரும் பொம்பளைப் பிள்ளைகள் எப்போதோ பார்த்துவிட்டார்கள், யாரும் முன்னேறியதாகத் தெரியவில்லை. முதுகு வலிதான் முன்னேறியிருக்கிறது.

மேற்பார்வை_மேகம்

எல்லோரும் திட்டப் போகிறீர்கள், பரவாயில்லை. அந்த ஐந்து மணி போனைச் செய்கிறவன் நான்தான். அந்தத் தம்பியின் கம்பெனி இல்லை, அதே பக்கத்தில் வேறு கம்பெனி, ஆனால் எல்லா இடத்திலும் இப்படித்தான்.

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். ஏ ஷிப்டுக்கு வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கமிருந்து கம்பெனி பஸ் வரும். நாலே முக்காலுக்கு டிரைவர் போன் செய்து "சார், மூணு ஸ்டாப்ல ஆள் ஏறலை" என்பார். எனக்கு அங்கேயே வயிறு கலங்கும். ஆறு மணிக்கு லைன் ஓட வேண்டும், ஒன்பது மணிக்கு லாரி வந்து நிற்கும், எங்கள் பாகம் போகவில்லை என்றால் அங்கே கார் லைன் நிற்கும், நின்றால் நிமிடக் கணக்கில் எங்கள் கம்பெனியின் தலையில் கட்டுவார்கள். ஸ்டாக் வைத்துக்கொள்ளும் காலமெல்லாம் மலையேறிவிட்டது. காலை செய்து மாலை கொடுப்பதுதான்.

இப்போது நான் யாரைக் கூப்பிடுவேன்? உண்மையைச் சொல்கிறேன், என் போனில் ஒரு வரிசை இருக்கிறது. பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சிலர் பசங்கள் முதலில். அதிலும் இதுவரை மறுக்காதவன் முதலில். இரண்டு முறை "முடியாது சார்" என்று சொன்னவனை மூன்றாவது முறை கூப்பிட மாட்டேன். அது கோபம் இல்லை, ஐந்து மணிக்கு யாருடன் வாதாட நேரம் இருக்கிறது? ஆக, ஐந்து வியாழன் போய்விட்டது என்றால் தம்பி, நீ அந்த வரிசையில் முதல் பெயர் என்று அர்த்தம். இதைச் சொல்வதால் எனக்கு நஷ்டம்தான், ஆனால் சொல்லிவிட்டேன்.

பெஞ்சில் உட்கார வைத்தது கேவலம், நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், எனக்கு ஓ.டி. என்பதே கிடையாது, ஸ்டாஃப் கிரேடு என்று ஒரு பேட்ஜ் கொடுத்து முடித்துவிட்டார்கள். மேலே ஆள் கேட்டால் "இருக்கிற ஆளை வைத்து மேனேஜ் பண்ணுங்கள்" என்று ஒரு வரி பதில் வரும். அப்புறம் பொங்கல், தீபாவளிக்கு முதல் வாரம் லைனில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும், மேலே இருப்பவருக்கும் தெரியும், ஒவ்வொரு வருடமும் இரண்டு பேரும் ஆச்சரியப்பட்டுக்கொள்வோம்.

ஒரகடம்_சி_ஷிப்ட்

அண்ணா நீங்கள் சொன்ன வரிசை விஷயம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இத்தனை நாள் என் வேலையைப் பார்த்து நம்பிக்கை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

பழைய_ஃபிட்டர்

அம்பத்தூரில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், சங்கத்திலும் இருந்தேன். சட்டம் கேட்டாய், சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நாங்கள் பிடித்துத் தொங்கியது 1948 தொழிற்சாலைகள் சட்டம். வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அந்த நாளை முன்னே பின்னே மூன்று நாளுக்குள் மாற்றலாம், ஆனால் முழு நாள் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இந்த விதியிலிருந்து விலக்கு தரும் உத்தரவின் பேரில் விடுமுறையை எடுத்துக்கொண்டால் அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ திருப்பித் தர வேண்டும். உன் காம்ப் ஆஃப் நோட்டுக்கு மூலம் அதுதான், யாரோ பார்த்துப் போடும் பிச்சை இல்லை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், 59-வது பிரிவு. விலக்கு கொடுத்தாலும் மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம், அவசர வேலை நெருக்கடி என்று தனி அனுமதி வாங்கினால் 75. அந்த அனுமதியிலும் நாளுக்கு 12 மணிதான் உச்சம். நிறுத்தவே முடியாத தொடர் வேலைகளுக்கு, அடுத்த ஆள் வராவிட்டால் இருப்பவன் நிற்கலாம் என்று ஒரு வழி உண்டு. பிரஸ்ஸை நிறுத்தினால் நின்றுவிடும், அது உலை இல்லை. அந்த அண்ணனை 16 மணி நேரம் நிற்க வைத்ததற்கு இதில் எங்கேயும் இடம் இல்லை.

காண்ட்ராக்ட் என்று சொல்லி ஒதுக்கவும் முடியாது, காண்ட்ராக்டர் வழியாக வந்தவனும் அந்தச் சட்டப்படி தொழிலாளிதான். லைனில் அப்ரண்டிஸ் பசங்கள் இருந்தால் அவர்களை ஓ.டி. பார்க்க வைக்க அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதியே வேண்டும், கேட்டுப் பார், யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதில் எனக்குப் பிடிக்காதது நிறைய உண்டு, அது வேறு கச்சேரி. ஆனால் இரட்டைச் சம்பளம் அப்படியே இருக்கிறது, கூடவே தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓ.டி. என்று ஒரு வரியும் இருக்கிறது. சம்மதம் என்றால் என்ன? ஐந்து மணிக்கு போனை எடுத்து "சரிண்ணா" என்று சொன்னாயே, அதுதான் உன் சம்மதம் என்று நாளைக்குச் சொல்வார்கள். எழுத்தில் கேட்கச் சொல்.

2023 ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றினார்கள். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கமும் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, எல்லா சங்கமும் ஒன்றாக நின்றது, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம். அன்று நாங்கள் பழைய ஆட்கள் நாலு பேர் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு "விருப்பம்" என்ற சொல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். லைன் லீடர் கேட்டு, அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியவன் சொல்லும் விருப்பத்துக்கு என்ன பெயர்?

சரி, இப்போது மேற்பார்வை மேகத்துக்கு. நீங்கள் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் பஸ்ஸில் ஆள் ஏறாததை வைத்துக் கதையைத் தொடங்காதீர்கள், கதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஒரு மெஷினைப் பாருங்கள். நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஏழு நாள், மொத்தம் 21 ஷிப்ட். ஒரு ஆள் வாரத்துக்கு ஆறு ஷிப்ட்தான் பார்க்க முடியும். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை ஆள். இதில் காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, சாவு இல்லை, பண்டிகை இல்லை. அதையெல்லாம் சேர்த்தால் ஒரு மெஷினுக்கு நாலு பேர் வேண்டும். உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? ஷிப்டுக்கு ஒருவன் என்று மூன்று பேர், நான் பந்தயம் கட்டுகிறேன். மூன்று பேர் ஆறு நாள் பார்த்தால் 18 ஷிப்ட்தான் ஆகும். மீதி மூன்று ஷிப்ட் யார் பார்ப்பது? அந்த மூன்று பேரின் வீக் ஆஃப்தான் அந்த மூன்று ஷிப்ட். பஸ்ஸில் எல்லோரும் ஏறியிருந்தாலும் தம்பியின் வியாழக்கிழமை போயிருக்கும். ஆள் சேர்க்கும் பேப்பரில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே போய்விட்டது.

மேற்பார்வை_மேகம்

22 மெஷினுக்கு 68 பேர் ஐயா. பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

ஸ்டூல்_எங்கே

இதில் தொழிற்சாலைக்காரர்கள் மட்டும்தான் பேசணுமா? நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ். ஆடித் தள்ளுபடியில் ஆரம்பிக்கும், தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் ஆஃப் என்ற வார்த்தையையே யாரும் வாயால் சொல்ல மாட்டோம். காலை ஒன்பதரைக்கு புடவை செக்‌ஷனில் நின்றால் ராத்திரி பத்தரைக்கு கடைசி கஸ்டமர் "இதே கலர்ல ஜரிகை கொஞ்சம் குறைவா" என்று கேட்டு முடிக்கும் வரை நிற்க வேண்டியதுதான். விரித்த புடவையை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டுத்தான் போக முடியும், அந்த மடிக்கிற நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள், ஞாபகம் இருக்கலாம். ஸ்டூல் வந்தது. தூணுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, எட்டுப் பேருக்கு. அதில் இப்போது பில் கட்டு வைத்திருக்கிறார்கள். கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் அரசு ஆணை போட்டபோது அதிலேயே ஓ.டி. சேர்த்து நாளுக்கு பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணி, சுழற்சி முறையில் வார விடுமுறை, அன்றன்று யார் விடுமுறை என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டிருந்தார்கள். எங்கள் கடையில் போர்டு இருக்கிறது. அதில் இன்றைய சிறப்புத் தள்ளுபடி எழுதியிருக்கும்.

ஃபிட்டர் ஐயா சொன்ன கணக்கு எங்களுக்கும் பொருந்தும். ஆனால் எங்களுக்கு சங்கம் கிடையாது, பாதிப் பேர் ஹாஸ்டலில் தங்கியிருக்கிற ஊர்ப்பக்கத்துப் பெண்கள். கோபித்துக்கொண்டு போனால் தங்கும் இடமும் சேர்ந்து போய்விடும்.

துவாஸ்_வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், ஷிப்யார்ட் பக்கம் வேலை, ஊர் பட்டுக்கோட்டை. இங்கே சட்டம் தெளிவு. மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. ஓய்வு நாளில் முதலாளி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். அதனால் இங்கே ஞாயிறு ஓ.டி. கிடைத்தால் கோயிலுக்கு வேண்டிக்கொண்டது போலச் சந்தோஷப்படுவார்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி ஏறிக்கொண்டு இருக்கும், அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து அதை அடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றுதான் தோன்றும்.

நானும் அப்படித்தான் இருந்தேன், முதல் இரண்டு வருடம் ஒரு ஞாயிறு விடவில்லை. பிறகு ஒரு நாள் தேக்காவில் (இங்குள்ள லிட்டில் இந்தியா) ஒரு ஊர்க்காரனைப் பார்த்தேன், "எப்ப வந்தே" என்று கேட்டான். இரண்டு வருடம் ஆகிறது என்றேன். அவன் நம்பவில்லை, ஏனென்றால் எனக்கு இங்கே ஒரு தெருகூடத் தெரியாது, தங்கும் விடுதியும் யார்டும் லாரியும்தான் தெரியும். பணம் சேர்ந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பனியன் அண்ணன் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் கடன் இல்லாதவன் ஓ.டி.யை எப்படிப் பார்ப்பான் என்பது எங்களில் யாருக்குமே தெரியாது.

நடத்துனர்_72

பஸ்ஸில் வேலை. திருவிழா ஸ்பெஷல் என்றால் டபுள் டூட்டி. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே தூரப் பயணம், திருவிழா என்றால்கூட அனுமதி வாங்கி நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிதான் என்று சொல்லியிருந்தது. விழுப்புரம் தாண்டி விடியற்காலை மூன்றரைக்கு டிரைவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவேன், நான் பேச்சை நிறுத்தினால் அவர் கண் சொக்கும். பேச விஷயம் தீர்ந்துபோய் ஒருமுறை அவருக்கு டிக்கெட் நம்பர்களை வாசித்துக் காட்டினேன். பின்னால் ஐம்பது பேர் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

பனியன்_ஊர்க்காரன்

ஃபிட்டர் ஐயா, இரட்டைச் சம்பளம் என்கிறீர்களே, எங்கள் ஒன்றரை ஷிப்டில் அந்த அரை ஷிப்ட் ஒற்றைச் சம்பளம்தான். அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி. இத்தனை வருடமாக அதை ஓ.டி. என்று சொல்லிக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் சொன்னபடி பார்த்தால் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவனுக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும் அல்லவா. நேற்று ராத்திரி வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன், அவள் பத்து வருடத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்தாள், நான் தூங்கப் போய்விட்டேன்.

பழைய_ஃபிட்டர்

உங்கள் வீட்டம்மாவைத் தலைவராக்குங்கள்.

தம்பி, உன் சம்பளச் சீட்டைப் பார். மொத்தச் சம்பளத்தை மாதத்து வேலை நாள் 26-ஆல் வகு, அப்புறம் ஒரு நாளின் 8 மணியால் வகு, வருவதை இரண்டால் பெருக்கு. அதுதான் ஒரு மணி ஓ.டி.க்கு வர வேண்டியது. அடுத்து, அந்தத் தொகை எந்தப் பெயரில் வருகிறது என்று பார்.

ஒரகடம்_சி_ஷிப்ட்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் சி ஷிப்ட்.

ஐயா சொன்னபடி பார்த்தேன். மாதம் 17,500. 26-ஆல் வகுத்தால் 673, எட்டால் வகுத்தால் 84, இரட்டை 168. எனக்கு காண்ட்ராக்டர் கொடுப்பது மணிக்கு 60. ஒற்றைச் சம்பளம்கூட இல்லை! அதுவும் ஓ.டி. என்ற பெயரிலேயே இல்லை, "உற்பத்தி ஊக்கத்தொகை" என்று வருகிறது. அப்போதுதான் ஐயா ஏன் பெயரைப் பார்க்கச் சொன்னார் என்று புரிந்தது. பேப்பரில் நான் ஒரு மணி நேரம்கூட ஓ.டி. பார்த்ததில்லை, மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்ற கணக்கும் என் விஷயத்தில் தொடங்கவே இல்லை.

அந்த அண்ணனிடம் பேசினேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில், இந்தக் கணக்கை சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினேன். அவருக்கு அந்த 16 மணி நேரத்தில் எட்டு மணிக்கு 480 கொடுத்திருக்கிறார்கள், கணக்குப்படி 1,300-க்கு மேல் வர வேண்டும். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "நான் உன்மேல கோவத்துல இருந்தேன்டா" என்றார். அவ்வளவுதான், பிறகு டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

புரட்சி எல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் லைனில் ஏழு பேர் சேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறோம். யார் ஆஃப் அன்று வந்தார்கள், யார் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று எழுதுகிறோம். போனில் கூப்பிட்டால் "மெசேஜ் போடுங்கண்ணா, பார்த்துட்டு சொல்றேன்" என்கிறோம். இதுவரை ஒரு மெசேஜும் வரவில்லை. எழுதி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை போல. நடுவில் ஒரு செவ்வாய் ஆஃப்காரர் ஒருவர் தானாகவே வந்தார், மகளுக்கு காலேஜ் ஃபீஸாம். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டோம்.

பெஞ்சில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். ஃபேன் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் ராஜாங்கம் நடத்துகிறார். நேற்று வியாழன். ஐந்து பத்துக்கு போன் அடித்தது, நான் எழுந்திருப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டார். எந்தப் பட்டன் என்று தெரியாமல் ஸ்பீக்கரில் வேறு போட்டுவிட்டார். "யாருப்பா? அவனா? தூங்குறான். என்னது, ஆள் இல்லையா? அப்ப ஆள் வையுங்கப்பா" என்று சொல்லி போனை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வார்டு_ஏழு

தம்பி, அம்மா நம்பரை எனக்கு அனுப்பு. ரோஸ்டரில் என் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.